நாலு தலை மெஷினும் பாப்பாவும்

என் நாத்தனாரைப் போல் பயந்த சுபாவம் உள்ள ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் பதிந்திருக்கும். யாராவது போனை எடுக்கவில்லை என்றால் போதும், மனசுக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்துவிடுவாள். வயது முப்பத்தொன்பது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் பாப்பா. பால் போடுகிறவர்கூட "பாப்பாம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். வந்தால் கத்தமாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். நாலு நாள், சில சமயம் ஒரு வாரம். பாப்பாவும் அந்த விஷயத்தில் எனக்குச் சளைத்தவள் இல்லை. "உப்புப் போதுமான்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். "போதும்னு அண்ணிகிட்ட சொல்லுங்கண்ணா" என்று அவள் சொல்வாள். மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேசையில். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்று அவர் தட்டோடு எழுந்து போவார். மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

வீட்டின் முன்னறைதான் எங்கள் பட்டறை. ஜன்னலோரம் என் தையல் மெஷின், எதிர்ச் சுவரோரம் அவளுடைய எம்பிராய்டரி மெஷின். நான் சட்டையும் கோட்டும் தைப்பேன்; அவள் பாக்கெட்டின் மேல் கம்பெனிச் சின்னமும் பெயரும் போடுவாள். அவளுடைய மெஷின் பழையது. காலுக்குக் கீழே ஒரு பெடல், மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். வளையத்தில் இறுக்கிய துணியை இரண்டு கையாலும் நகர்த்தி நகர்த்தி ஊசிக்குக் கீழே எழுத்தை வரவழைப்பாள். ஒரு நாளைக்கு இருபது கோட்டு ஆகும். அதற்கே சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

எங்களுக்கு வேலை தருகிறவர் யூனிஃபார்ம் கடைக்காரர். நல்ல மனுஷர், ஆனால் வாய் நீளம். அவர் ஒரு நாள் காலையில் வந்து இரண்டு வெள்ளைக் கோட்டுகளை மேசையில் விரித்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சின்னம். ஒரு வட்டம், அதற்குள் இதயத் துடிப்பைக் காட்டும் வளைகோடு.

"எது பாப்பா போட்டது, எது கம்ப்யூட்டர் மெஷின் போட்டது, சொல்லுங்க பாப்போம்."

பார்த்ததுமே தெரிந்தது. அடுத்த கோட்டையும் அதற்கடுத்ததையும் எடுத்துப் போட்டார். மெஷின் போட்டது எல்லாம் ஒரே அச்சு. பாப்பா போட்டதில் ஒவ்வொன்றிலும் துடிப்பு ஒவ்வொரு மாதிரி.

"நம்ம பாப்பா டாக்டருக்கு டாக்டர் தனித்தனியா துடிப்பு குடுத்திருக்கா," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரி ஆயிரத்து இருநூறு கோட்டுக் கேட்கிறது. கோட்டு தைத்தே வரும்; ஒவ்வொன்றிலும் சின்னமும் அதற்குக் கீழே ஆஸ்பத்திரி பெயரும் போட வேண்டும். இரண்டு வாரத்தில் முடிய வேண்டும். இனி வருஷத்துக்கு மூன்று தடவை இதே மாதிரி வரும். "நீங்க அந்த மாதிரி ஒரு கமர்ஷியல் மெஷின் வாங்கினா வேலை உங்களுக்கு. இல்லைன்னா தைக்கிறதையும் சேர்த்து கம்ப்யூட்டர் மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கே குடுக்க வேண்டியதுதான். எனக்கும் வேற வழி இல்லம்மா," என்றார். ஆக, அவளுடைய வேலை மட்டும் இல்லை, என்னுடையதும் சேர்ந்து போகும்.

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் உள்ளங்கையை மடியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. பாப்பாவுக்கு அந்த மெஷின் புதிசில்லை. எங்கள் வீட்டிலேயே அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒன்பது வருஷம் ஒரு பெரிய எம்பிராய்டரி ஹாலில் இருபது தலை மெஷினில் ஆபரேட்டராக இருந்தவள். தலை என்றால் ஊசி வேலை செய்கிற பாகம். ஒரு தலை ஒரு துணியில் போடும், இருபது தலை இருபது துணியில் ஒரே நேரத்தில் ஒரே டிசைனைப் போடும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்தாள். சத்தம் தாங்கவில்லை, தலைவலி என்றாள். மறுநாளிலிருந்து போகவில்லை. எங்களுக்கும் அது பெரிசாகத் தோன்றவில்லை. அப்புறம் இந்தப் பழைய மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரர் போனதும் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கெட்டது. பாப்பா ஒரு செருப்பு வாங்குவதற்கே இப்படித்தான் செய்வாள்.

நல்லது பக்கத்தில் ஐந்தாறு வரிதான். நாலு தலை மெஷின் என்றால் நாலு கோட்டு ஒரே நேரத்தில். எல்லாம் ஒரே மாதிரி வரும். கலர் மாற்ற நிறுத்த வேண்டாம், தானே ஊசி மாற்றிக்கொள்ளும். நூல் அறுந்தால் தானே நிற்கும். முதுகு வலிக்காது. கெட்டது பக்கம் நாளுக்கு நாள் நீண்டது. கனம், தரை தாங்குமா? அதிர்வில் அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா? நடுவில் கரண்ட் போனால் டிசைன் ஒரு நூல் தள்ளிப்போகும். நாலு தலையில் ஒன்றில் நூல் அறுந்தாலும் நாலும் நிற்கும். டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தர ஒருவரைத் தேட வேண்டும். ரிப்பேர்க்காரர் கூப்பிட்ட அன்றைக்கு வருவாரா, வாரம் கழித்து வருவாரா? கோட்டின் முதுகுத் துணி அடியில் சிக்கி, முன்னும் பின்னும் சேர்ந்து தைத்துவிட்டால்? இந்தக் கடைசி ஒன்றைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க அண்ணி, எல்லா ஆபரேட்டரும் ஒரு தடவையாவது பண்ணியிருப்பாங்க," என்றாள் அவள்.

கெட்டது பக்கம் மூன்றாம் தாளுக்குப் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்தத் தாளின் அடியில் ஒரு வரியை எழுதி, அதன்மேல் பேனாவால் கிறுக்கி, தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அப்போதே நான் உட்கார்ந்து விசாரித்திருக்க வேண்டும். எனக்கு எங்கே அதெல்லாம்?

மெஷினைப் பார்க்கப் போகிற அன்று காலையில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அப்படியும் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "திரும்பிடலாமா அண்ணி?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். இறங்க வேண்டிய இடம் வந்தபோது மூன்றாவது தடவை. எனக்கு வந்ததே கோபம்!

"உனக்கு உன் விரல் மேல அவ்வளவு ஆசையா இருந்தா பெட்டில போட்டுப் பூட்டி வச்சுக்கோ. என் பொழப்பும் சேர்ந்து போகுதே, அது தெரியலையா? ஒன்பது வருஷம் ஓட்டினவ, இப்ப என்னவோ புலியைப் பாக்கப் போற மாதிரி! இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு," என்றேன்.

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள். மெஷின் விற்கிறவருடைய ஷெட் வரைக்கும் ஆளுக்கு ஒரு ஓரமாக நடந்தோம்.

ஷெட்டின் நடுவில் நாலு தலை மெஷின் நின்றது. நீளமான இரும்பு மேசை, அதன்மேல் வரிசையாக நாலு தலைகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து ஊசி. ஒரு கோடியில் திரையும், பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டனும். மூலையில் ஒற்றைத் தலை மெஷின் ஒன்று துணி மூடிக் கிடந்தது. மெஷின்காரர் ஓட்டிக் காட்டினார். நாலு தலையும் ஒன்றாக இறங்கி ஏறின. தரை வழியாக அதிர்வு என் பாதத்துக்கு வந்தது. நான் அதிசயப்பட்டு நின்றேன். பாப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது.

"நீங்களே ஓட்டிப் பாருங்கம்மா," என்றார் அவர்.

நான் எதிர்பார்க்கவே இல்லை, பாப்பாவின் கைகள் தாமாகவே வேலை செய்தன. துணிக்கு அடியில் தாள் வைத்து, நாலு சட்டத்திலும் துணியை இறுக்கி, தட்டிப் பார்த்து, மெஷினில் மாட்டிவிட்டாள். திரையில் எதையோ தொட்டாள்; ஊசி இறங்காமலே சட்டம் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டிசைன் சட்டத்தின் விளிம்பில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். "அட, தொழில் தெரிஞ்சவங்களா நீங்க!" என்றார் மெஷின்காரர். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் பேசமாட்டேனே!

அப்போது மூன்றாவது தலையில் ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்தேன். நாலு தலை மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தி பட்டனில், ஒருத்தி தலைகளுக்குப் பக்கத்தில். வீட்டில் அந்த இரண்டாவது ஆள் நான்தான். எனக்கும் வேலை தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற திமிர். முன்னாலிருந்த கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டு, குனிந்து, ஊசியின் காதில் நூலைக் கோக்க ஆரம்பித்தேன். பட்டன் பக்கம் நிற்பவர்களுக்கு என் முகமும் கையும் மெஷின் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

அந்தக் கோடியிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "கை?"

காதில் விழுந்தது. என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. புரிந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

"அண்ணி, கை?"

ஊசியின் காது சின்னது. நான் இன்னும் குனிந்தேன்.

"அமுக்குங்கம்மா, ஏன் யோசிக்கிறீங்க?" என்றார் மெஷின்காரர். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நான் சும்மா வேடிக்கை பார்ப்பது போல் இருந்திருக்கும். பாப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவரே பச்சையை அமுக்கப் போனார்.

அப்புறம் நான் கேட்டது ஒரு அலறல். பாப்பாவின் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால், பட்டனுக்கும் அவர் கைக்கும் நடுவில் உடம்பையே போட்டு மறித்துக்கொண்டு, ஒரு கையால் சிவப்பை அறைந்துகொண்டிருந்தாள். மெஷின்காரர் நாலடி தள்ளிப்போய் நின்றார். மெஷின் ஓடவில்லை. ஓடவே இல்லை. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து என் வலது கையைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"கேட்டா பதில் சொல்ல மாட்டியா? வாய் இல்ல உனக்கு? சொல்ல மாட்டியா?"

நான் இந்த வீட்டுக்கு வாழவந்த பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை "நீ" என்று சொன்னாள். எனக்குக் கோபமே வரவில்லை. அங்கேயே இருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே மரத்தடியில் ஒரு சிமென்ட் திட்டு இருந்தது. அங்கே வைத்துத்தான் சொன்னாள். ஏழு வருஷமாகச் சொல்லாததை, என் முகத்தைப் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த ஹாலில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். அவளோடு இருந்தவளுக்குப் பட்டப்பெயர் குண்டூசி. ஒல்லி, வாயும் கூர். ஆறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். ஹாலில் காது அடைக்கிற சத்தம், நீளமான மெஷின். பட்டனில் இருப்பவளுக்கு மறுகோடியில் இருப்பவளின் கை தெரியாது. அதனால் ஒரு பழக்கம். நூல் கோக்கக் கையை உள்ளே விடுகிறவள் "கை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பட்டனில் இருப்பவள் அமுக்கும் முன்னால் "கை?" என்று கேட்க வேண்டும். "வெளியே" என்று பதில் வந்த பிறகுதான் அமுக்கலாம். நாளைக்கு நூறு தடவை நடக்கும்.

"எங்களுக்குள்ள சண்டை அண்ணி. மூணு நாளா பேச்சு இல்ல."

"எதுக்கு?"

"ஃபேனை யார் பக்கம் திருப்புறதுன்னு."

நான் திட்டில் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அவ பேசக்கூடாதுன்னு 'கை'ன்னு சொல்லல. நான் பேசக்கூடாதுன்னு கேக்கல. அமுக்கிட்டேன். இருபது ஊசியும் இறங்குச்சு. பதினொண்ணாவதுல அவ விரல். ஊசி உடைஞ்சு மெஷின் தானா நின்னுச்சு. அவ கத்தல அண்ணி. பேசக்கூடாதுன்னு இருந்தாளோ என்னவோ, கத்தவே இல்ல. இன்னொரு கையால மேசையைத் தட்டினா. தட்தட்டுன்னு. நான் நூல் அறுந்துருச்சுன்னு நினைச்சு, மெதுவாத்தான் போய்ப் பாத்தேன்."

சீழ் பிடித்து, ஆள்காட்டி விரலின் மேல் கணுவை எடுத்துவிட்டார்களாம். அவளைப் பார்க்கப் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளுடைய வீட்டுக்கும் போகவில்லை. "என்னன்னு சொல்லிப் போய் நிப்பேன்?" என்றாள்.

நான் அவளைப் பெட்டியில் விரலைப் பூட்டச் சொன்னவள். அவள் இத்தனை நாளும் பயந்தது தன் விரலுக்கு என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

"நோட்டுல அடிச்சு வச்ச வரி அதான் அண்ணி. நாலு தலை வாங்கினா ரெண்டாவது ஆள் நீங்க. நமக்கு மாசத்துக்கு ஒரு தடவை பேச்சு நின்னு போகுது. இன்னிக்குப் பாத்தீங்கல்ல? நான் உங்களைக் கேட்டேன். நீங்க பேசல."

"அப்ப ஒத்தைத் தலை வாங்கு. அதுக்கு ஒரு ஆள் போதுமே. கை விடுறதும் நீ, அமுக்குறதும் நீ."

"கணக்குப் போட்டுட்டேன். ஆயிரத்து இருநூறு கோட்டுக்கு அதுல ஒரு மாசம் ஆகும். அவர் குடுத்தது ரெண்டு வாரம்."

நான் கேட்டேன், "குண்டூசி வீடு தெரியுமா?"

"தெரியும். அந்தத் தெரு வழியா வரக்கூடாதுன்னுதான் நான் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறேன்."

அதற்காக நான் அவளை ஏழு வருஷமாகக் கஞ்சப்பிசினாறி என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைப்பு. எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வழி முழுக்க என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

கதவைத் திறந்தவள் ஒல்லியாக, நரை விழுந்து, மூக்கில் கண்ணாடியோடு இருந்தாள். அறை முழுக்க மடித்த சட்டைகள். விலைச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் போடுகிற வேலை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். கதவை அறைந்து சாத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க யாரு?" என்றாள் என்னிடம்.

"இவளோட அண்ணி."

"உக்காருங்க. கூட வந்தவங்களையும் உக்காரச் சொல்லுங்க."

ஏழு வருஷம் கழித்தும் பேச்சு இல்லை!

"அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க."

"வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி," என்றாள் பாப்பா. இப்போது தபால்காரி நான். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இருக்கும்.

வந்த விஷயத்தை நான் சொன்னேன். மெஷின், ஆயிரத்து இருநூறு கோட்டு, இரண்டு வாரம், ஷெட்டில் நடந்தது. குண்டூசி சீட்டு ஒட்டிக்கொண்டே கேட்டாள். ஆள்காட்டி விரல் குட்டையாக இருந்ததால் நடுவிரலால் ஒட்டினாள். பாப்பாவுக்கு அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மன்னிச்சிருன்னு சொல்லுங்க அண்ணி," என்றாள் பாப்பா திடீரென்று.

நான் திரும்பிக் குண்டூசியைப் பார்த்தேன். அவள் ஒரு சட்டைக்குச் சீட்டு ஒட்டினாள், இன்னொன்றுக்கும் ஒட்டினாள்.

"எத்தனை ஊசின்னு கேளுங்க."

"பதினஞ்சு," என்றேன்.

"ஊசிக்கு முன்னால மூடி இருக்கா?"

"இருக்கு. நூல் கோக்க அதைத் தூக்கணும்."

"என்னை வேலைக்கு வச்சுக்கிறீங்களான்னு கேளுங்க. எனக்கு இந்தச் சீட்டு ஒட்டுற வேலை பிடிக்கல. ஆனா ஒண்ணு. பட்டன் என்கிட்ட. கை அவங்க விடட்டும்."

நான் மறுக்க வாயெடுத்தேன். யார் என்ன மனசில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏழு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கத் தெரிந்தவள். ஆனால் பாப்பா முந்திக்கொண்டாள். "சரின்னு சொல்லுங்க அண்ணி," என்றாள்.

வீட்டில் என் வீட்டுக்காரர் குதித்தார். "பாப்பாவுக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா இல்ல? பழி வாங்கணும்னு நினைச்சா ஒரு செகண்ட் போதுமே!" அவர் சொன்னது அத்தனையும் என் மனசிலும் ஓடியதுதான். பாப்பாவிடம் தனியாகக் கேட்டேன், உனக்குப் பயமாக இல்லையா என்று. "இருக்கு அண்ணி. ஆனா இது வேற பயம். உங்க விரலை நினைச்சுப் பயப்படுறதுக்கு இது தேவலை," என்றாள்.

மெஷின் வந்தது. கதவு நிலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். தரை தாங்கியது. என் தையல் மெஷின் நடைக்குப் போனது. முதல் நாள் காலையில் குண்டூசி வந்து, செருப்பை வாசலில் விட்டு, நேராகப் போய்ப் பட்டன் பக்கத்தில் நின்றாள். "டிசைன் ஏத்தியாச்சான்னு கேளுங்க." "ஏத்தியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி." என் வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மெயின் சுவிட்சுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டால் பேப்பர் படிக்கிறாராம். பேப்பர் தலைகீழாக இருந்தது.

முதல் நாலு கோட்டு நன்றாக ஓடின. இரண்டாவது வரிசையில் பாதி வட்டம் வந்திருக்கும், இரண்டாம் தலையில் நூல் அறுந்து, எல்லாம் நின்றது.

பாப்பா போனாள். மூடியைத் தூக்கினாள். "கை," என்றாள். குரல் எழும்பவில்லை, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். கையை உள்ளே விட்டாள்.

குண்டூசி பச்சைப் பட்டனின் மேல் விரலை வைத்தாள். அந்த விரல்தான், மேல் கணு இல்லாத விரல். நடுவிரல் இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது, அதைத்தான் வைக்க வேண்டுமா? நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய் அவளைத் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. தள்ளினால் அந்தத் தள்ளலிலேயே அமுங்கிவிட்டால்? நகரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டுகூட நூல் கோப்பவள் பாப்பா. அன்றைக்கு ஊசியின் காதைத் தாண்டி நூல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை, இரண்டு, மூன்று. நூல் முனையை வாயில் ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி முயன்றாள். என் வீட்டுக்காரர் எழுந்து சுவிட்சுக்குக் கையைத் தூக்கினார்.

"யாரும் எதையும் தொட வேண்டாம்," என்றாள் குண்டூசி, யாரையும் பார்க்காமல்.

நாலாவது தடவை நூல் உள்ளே போனது. பாப்பா அதை இழுத்து விட்டாள். இனி கையை எடுத்து, மூடியை இறக்கி, "வெளியே" என்று சொல்ல வேண்டியதுதான். எடுக்கவில்லை. விரலை ஊசிக்குக் கீழேயே வைத்தாள். நன்றாகப் பரத்தி வைத்தாள். நிமிர்ந்து குண்டூசியைப் பார்த்தாள்.

அவள் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் "பாப்பா!" என்று கத்தப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. குண்டூசியின் விரல் பட்டனின் மேல் அப்படியே இருந்தது. அவளுடைய மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் முழங்கை நடுங்கியது. பட்டனிலிருந்து கையைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அடியே, எடுடி கையை," என்றாள். என்னிடம் இல்லை, அவளிடம். "எனக்குப் பயமா இருக்குடி."